மயில்கழுத்தா, தண்ணி மோரா

புனேயில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு டெல்லிச் சுவருக்கு நிறம் மாற்றப் பார்க்கும் என் அருமை மகனுக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மீசையில் மட்டும் கொஞ்சம் பெயிண்ட். முதலில் ஒரு நிபந்தனை. இந்தக் கடிதத்தை நீயேதான் படிக்க வேண்டும். நான் தமிழில் எதை எழுதிப் படமெடுத்துப் போனில் அனுப்பினாலும், நீ அதை அப்படியே உன் வருங்காலப் பெண்டாட்டி மாலினிக்குத் தள்ளிவிடுகிறாய். கரோல் பாகில் பிறந்து வளர்ந்தும், அவள் அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்த தமிழில் அவள் முழுக்கப் படித்து உனக்கு ஒரே வரியில் சுருக்கிச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். போன மாதம் உன் கல்யாணத்தைப் பற்றி நான் உருகி உருகி எழுதிய நான்கு பக்கத்தை, ‘மாமா ஷெர்வானிக்கு அளவு கேக்கிறார்’ என்று அவள் முடித்துவிட்டதும் தெரியும். சுருக்கம் சரியாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை வேண்டாம். அவளுக்குத் தெரியக்கூடாது என்று நீ நினைக்கும் விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படி. ழகரம் வரும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொள். உனக்கு இரண்டு நாள் ஆகும். ஆகட்டும், பெயிண்டர் ரஃபீக் பாய் திங்கட்கிழமைதான் வருகிறார்.

செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தபோது நான் உன் புது வீட்டில்தான் இருந்தேன். மயூர் விஹாரிலேயே, எங்கள் அடுக்குமாடி சொஸைட்டிக்கு இரண்டு சொஸைட்டி தள்ளி உனக்கு வீடு அமைந்ததில் உன் அம்மாவைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். பிறர் வேலை செய்வதை ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் சுகம் அலுவலகத்தில்கூட எனக்கு இவ்வளவு வாய்த்ததில்லை. தீபாவளிக்கு முன்னால் டெல்லியில் நல்ல பெயிண்டர் கிடைப்பது பெண் கிடைப்பதைவிடக் கஷ்டம். உனக்குப் பெண் தானாக அமைந்துவிட்டாள்; ரஃபீக் பாயை நான் மூன்று வாரம் துரத்திப் பிடித்தேன். அவர் ஹால் சுவருக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ‘அப் ரங் பதாயியே, சாஹப்’ என்று நிறம் கேட்டுக்கொண்டு நிற்கிற அந்த நிமிஷத்தில் உன் போன்.

“அப்பா, அந்த ஹால் சுவரை லைட் கலரா மாத்திடுங்க.”

“ஏல, மயில்கழுத்துன்னு ரெண்டு பேரும் கடைக்குப் போய்ச் சேர்ந்துதானே எடுத்தீங்க?”

“அது மாலினிக்காக சூப்பர்னு சொல்லிட்டேன். டார்க் கலரைப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுதுப்பா. வீடே சின்னதாத் தெரியும்.”

“அப்ப அதை அவகிட்ட சொல்லு.”

“சண்டை வரும். கடையில அந்த ஷேடு ஸ்டாக் இல்லன்னு நீங்க சொல்லிடுங்க. அடிச்சுக் காஞ்சப்புறம் அவ ஒண்ணும் சொல்ல மாட்டா.”

நான் பதில் சொல்லாமல் போனை வைத்தது சிக்னல் போனதால் என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ‘ஸ்டாக் இல்லன்னு சொல்லிடுங்க’ என்ற அந்த வாக்கியத்தைக் கேட்டதும் நான்தான் கட் செய்துவிட்டேன். என் மூக்கு உனக்கு வந்திருக்கிறது, என் வழுக்கையும் வந்துகொண்டிருக்கிறது. இதுவும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விவரமாகச் சொல்கிறேன். நீ பிறந்த கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் சுவர்களுக்கு ஒரே நிறம்தான். அதை நிறம் என்பதைவிட உத்தரவு என்று சொல்லலாம். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஆள் வந்து அடித்துவிட்டுப் போவார். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து இறங்கிய அன்று, அப்போதுதான் அடித்து முடித்திருந்த சுவரைப் பார்த்து உன் அம்மா என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம், “என்னங்க, வெள்ளை அடிக்க எப்ப வருவாங்க?” என்பதுதான். எனக்கோ அந்தச் சுவர் மிகவும் பிடித்திருந்தது. நான் நாள் முழுக்கக் கோப்புகளில் ‘மேலிடத்தின் முடிவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று எழுதிச் சாப்பிடுகிறவன். வீட்டுக்கு வந்த பிறகும் முடிவெடுக்கத் தேவையில்லாத சுவர் ஒன்று எதிரே இருந்தால் அதைவிட நிம்மதி உண்டா? உன் அம்மா அப்படி இல்லை. அவளுக்கு நிறங்கள் எல்லாம் புடவைகளாகத் தெரியும். வெங்காயச் சருகு, அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழம், மயில்கழுத்து என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். எனக்குச் சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் ‘ஏதோ ஒரு மாதிரி’ என்று மொத்தம் நான்கு நிறங்கள் தெரியும். சொந்த வீடு வாங்கினால் ஒரே ஒரு சுவர் தன் இஷ்டத்துக்கு வேண்டும் என்று அவள் கேட்டாள். நகை கேட்கவில்லையே என்ற மகிழ்ச்சியில் நானும் உடனே தலையாட்டினேன்.

உனக்குப் பத்து வயதில் இந்தக் கூட்டுறவு ஃப்ளாட்டுக்கு வந்தோம். படுக்கையறையில் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு அவள் கேட்டது நாவல்பழ நிறம். ஜூலை மாதம் மத்திய டெல்லியில் நடைபாதை முழுக்க நாவல்பழம் விழுந்து, செருப்பில் ஒட்டி, ஊதாக் கறையாகக் கிடக்குமே, பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே வருவாளாம். இருவரும் கடைக்குப் போனோம். அட்டையைப் புரட்டி அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையும் உன்னுடையதுதான்: “சூப்பர்.” மறுநாள் பெயிண்டை வாங்கி வரத் தனியாகக் கிளம்பினேன். கிளம்பியவனுக்குப் பாதி வழியில் பயம் வந்துவிட்டது. எதிர்வீட்டு மல்ஹோத்ரா ஜி என்ன சொல்வார், கொலுவுக்கு வருகிற பெண்கள் படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டு பஸ்ஸில் என்ன பேசிக்கொண்டு போவார்கள், ஊரிலிருந்து என் அக்கா வந்தால் எந்த மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்றெல்லாம் யோசித்து, கடைக்குள் நுழைந்ததும், “பாயி சாஹப், அது வேண்டாம், கிரீம் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து, “அந்த ஷேடு ஸ்டாக் இல்லியாம்” என்றேன். அவள், “அப்படியா” என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். சுவர் காய்ந்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குடும்பப் பிரச்சினையை இத்தனை நேர்த்தியாகத் தீர்த்த ஆண்மகன் மயூர் விஹாரில் வேறு யாரும் இல்லை என்று பல வருஷம் நான் கர்வமாக இருந்தேன்.

அந்த வாரம்தான் எலி வந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். என் ஷேவிங் பிரஷ்ஷை அது கடித்துத் தின்றுவிட்டது என்று உன் அம்மா வெறும் கைப்பிடியைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, சமையலறையில் நெய் இருக்க அதை விட்டுவிட்டு, பிரஷ்ஷின் முடியை மட்டும் தின்ற விசித்திரமான எலி. ஒரு மாதம் பொறி வைத்தேன். நீ தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, “இன்னைக்கும் மாட்டலப்பா” என்று அறிக்கை கொடுப்பாய். அந்த எலியை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள். பின்னால் வரும்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உனக்கு ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், அரசு ஊழியனுக்குத் தெரிந்த ஒரே வழியைப் பின்பற்றினேன். ஆய்வுக்கு உத்தரவிட்டேன். ரஃபீக் பாயிடம் சொல்லி அந்தச் சுவரில் இரண்டு பெரிய கட்டங்கள் அடிக்க வைத்தேன். இடது பக்கம் மாலினியின் மயில்கழுத்து. வலது பக்கம் உனக்குப் பிடித்த லைட் கலர். அட்டையில் அதற்கு நிலா, பட்டு என்றெல்லாம் சேர்த்து ஏதோ பெயர் போட்டிருக்கிறார்கள், உன் அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தண்ணி மோர்” என்றாள். அதற்கப்புறம் எங்கள் எல்லோருக்கும் அதன் பெயர் தண்ணி மோர்தான். ரஃபீக் பாய்கூட, ‘தண்ணிமோர் வாலா’ என்றே சொல்கிறார். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு ஸ்டூலை எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா என்னை டி.வி. முன்னால்கூட இப்படிப் பார்த்ததில்லையாம்.

மகனே, ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதில் இத்தனை சுவாரஸ்யம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணி மோர் நல்ல நிறம். ஜன்னலில் வருகிற கொஞ்சம் வெளிச்சத்தையும் வாங்கி அறை முழுக்கப் பங்கு வைக்கிறது. நாளைக்குப் பனிமூட்டம் வந்து டெல்லியில் நான்கு நாள் சூரியனே தெரியாதபோது அந்தச் சுவர் உங்களுக்கு ஒரு விளக்கு மாதிரி இருக்கும். ஹால் பெரிதாகத் தெரிகிறது என்று நீ சொன்னதும் உண்மை. அந்தக் கட்டத்தின் எதிரே நின்றால் சுவர் இரண்டடி பின்னால் போகிறது, மயில்கழுத்தின் எதிரே நின்றால் சுவர் இரண்டடி முன்னால் வந்து என்ன விஷயம் என்று கேட்கிறது. ரஃபீக் பாயும் உன் கட்சிதான். டார்க் என்றால் மூன்று கோட் அடிக்க வேண்டும், ரோலர் கொஞ்சம் தயங்கினாலும் கோடு தெரியும், சுவரில் ஈரம் கசிந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், ஆணி ஒன்று தவறாக அடித்தால் சுவர் பல்லைக் காட்டும் என்று அரை மணி நேரம் அழுதார்.

ஆனால் அந்த மயில்கழுத்து இருக்கிறதே. காலையில் வெயில் ஏறும்போது அது நீலம். மத்தியானம் பச்சை. சாயங்காலம் டியூப்லைட் போட்டால் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை, நான் கணக்கில் வாங்கிய மார்க்கெல்லாம் நினைவுக்கு வந்து பயந்தே போனேன். உடனே மாலினிக்குப் போன் செய்தேன். “மாமா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. டியூப்லைட்டை நிறுத்திட்டு மஞ்சள் பல்பு ஒண்ணு போட்டுப் பாருங்க” என்றாள். போட்டேன். கரும்பலகை போய்ப் பட்டுப்புடவை வந்துவிட்டது. தண்ணி மோரோ காலை, மத்தியானம், சாயங்காலம் எப்போதும் தண்ணி மோர். ஓய்வு பெறும் வரைக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆள் போல. ஏறக்குறைய என்னைப் போல.

புதன்கிழமை மல்ஹோத்ரா ஜி ஆய்வைப் பார்வையிட வந்தார். நான் பதினெட்டு வருஷம் முன்னால் யாருக்குப் பயந்து நாவல்பழத்தைக் கைவிட்டேனோ அதே மல்ஹோத்ரா ஜி. இரண்டு கட்டத்தையும் பார்த்துவிட்டு, “பாயி சாஹப், நீங்க மதராசிங்க வீட்டில எல்லாம் ஏன் சுவருக்குக்கூட இட்லி கலரே அடிக்கிறீங்க? உங்க பெட்ரூமைப் பாத்தாலே எனக்குச் சட்னி ஞாபகம் வருது” என்று ஹிந்தியில் கேட்டார். பேசிக்கொண்டே அவர் தண்ணி மோர் மேல் தலையைச் சாய்த்து நின்றதில், அவர் தலையில் தடவியிருந்த ஆம்லா எண்ணெய் வட்டமாகப் பதிந்துவிட்டது. லைட் கலரின் குறைகளில் இதையும் எழுதிக்கொண்டேன். இந்த மனிதருக்காகவா பயந்தேன் என்று எனக்கு என்மேலேயே வெட்கமாக வந்தது.

வியாழக்கிழமை காலை உன் அம்மா ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தாள். கவிழ்த்துப்போட்ட பட்டி வாளி மேல் உட்கார்ந்து இரண்டு கட்டத்தையும் பார்த்தாள். என்னை மயில்கழுத்துக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னாள். என் நிறம் உனக்குத் தெரியும். நம் வீட்டுக் கிரீம் சுவருக்கு முன்னால் நான் நின்றால், யாரோ தன் நிழலை மறந்து விட்டுவிட்டுப் போனது மாதிரி இருக்கும். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இங்க கொஞ்சம் எடுப்பாத்தான் இருக்கீங்க. அப்பவே இப்படி ஒரு சுவரு இருந்திருந்தா நம்ம ஆல்பம் இன்னும் நல்லா வந்திருக்கும்” என்றாள். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் அடிக்கிற குழந்தையின் நெற்றியில் வைப்பாளே, அப்படி. “மாலினிக்கு வாய்ச்சிருக்கு” என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. நீ போனில் சொன்னதை அவளிடம் சொன்னேன். சொன்ன வேகத்திலேயே மற்றதையும் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு அந்த நாவல்பழக் கலர் கடையில இருந்துச்சு. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்.”

“தெரியும்.”

“என்னது தெரியும்?”

“மறுநாள் திரைச்சீலைக் கம்பி வாங்க அந்தக் கடைக்குத்தான போனேன். உங்க வீட்டுக்காரர் கேட்டாருன்னு மெஷின்ல ஒரு டப்பா கலந்தே வச்சிட்டேன், கலந்ததைத் திரும்ப எடுக்க முடியாது, இப்ப இதை யார் தலையில கட்டன்னு கடைக்காரன் ஒரே புலம்பல். என் தலையில கட்டுன்னு வாங்கிட்டு வந்துட்டேன். பாலக் கீரைக்கு அடியில வச்சுக் கொண்டாந்தேன், நீங்க கதவைத் திறந்து பையை வேற வாங்கி வச்சீங்க.”

“அந்த டப்பா எங்க?”

“வீட்டுக்குப் போய் என் அலமாரியைத் திறந்து பாருங்க. நீங்க எங்க அதைத் திறந்திருக்கீங்க.”

அவள் சொன்னது சரி. உங்கள் இரண்டு பேரின் பிறந்தநாளையும் நான் மறந்ததில்லை, ஆனால் அந்தச் சுவர் அலமாரியின் கதவை இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. வீட்டுக்கு வந்து திறந்தேன். மேல் தட்டிலிருந்த புடவைகளை இரண்டு கையாலும் நகர்த்தினேன். பின்பக்கச் சுவர் முழுக்க நாவல்பழம். மூலை, விளிம்பு, தட்டுக்கு அடியில் என்று ஒரு இடம் விடாமல் அடித்திருக்கிறாள். வெயிலும் தூசியும் படாததால் நேற்று அடித்தது போல இருக்கிறது. எத்தனை அழகான நிறம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்னாலேயே வந்து நின்றவளிடம், என்ன கேட்பது என்று தெரியாமல், “எதால அடிச்ச?” என்று கேட்டேன்.

“உங்க ஷேவிங் பிரஷ்ஷால. கழுவிப் பாத்தேன், கலர் போகல. அதான் முடியை வெட்டிப் போட்டுட்டு எலின்னு சொன்னேன்.”

ஒரு மாதம், மகனே. நானும் நீயும் ஒரு மாதம் அந்த எலிக்கு மசால்வடை வைத்தோம். நான் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கின பிறகு, “இதைத் திறந்து பாப்பியா?” என்று கேட்டேன். “தினமும் புடவை எடுக்கணும்லா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு அறையில் மிச்சம் இருந்தது நான் வாங்கி வந்த கிரீம். அது எப்படி இருந்தது என்பதை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் அந்தச் சுவரில் தலையைச் சாய்த்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

நான் உனக்கு அறிவுரை சொல்ல நினைத்ததெல்லாம் இதற்குள்ளேயே வந்துவிட்டது. டார்க் நல்லதா லைட் நல்லதா என்று என்னைக் கேட்டால், மூன்று நாள் ஆய்வுக்குப் பிறகும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. உனக்கு உண்மையிலேயே மூச்சு முட்டினால் அதை அவளிடம் சொல். அவள் சண்டை போடுவாள். நன்றாகவே போடுவாள்; ஆட்டோக்காரரோடு அவள் பேரம் பேசியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், மீட்டர் தானாக ஓட ஆரம்பித்தது. போடட்டும். சண்டை போட்டுத் தோற்றால் தண்ணி மோரை அவள் திட்டிக்கொண்டாவது பார்ப்பாள். உன் அம்மாவுக்கு அந்தச் சுவரைத் திட்டக்கூட நான் வழி வைக்கவில்லை. ஸ்டாக் இல்லாததற்கு யாரைத் திட்டுவது? காய்ந்த பிறகு அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று நீ சொன்னாய். அதேதான், மகனே. ஒன்றும் சொல்ல மாட்டாள். எனக்கு அதை நினைத்துத்தான் பயம். மாலினிக்கு அப்படி ஓர் அலமாரி வேண்டாம்.

அதனால் உன் ஹாலில் இரண்டு கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன, எண்ணெய் வட்டம் உட்பட. ரஃபீக் பாயைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். நான் யாருக்கும் எந்தப் பொய்யும் சொல்லப்போவதில்லை. நீங்கள் இருவரும் பேசி எதைச் சொல்கிறீர்களோ அதை அவர் அடிப்பார். நாளை ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது. இன்று காலை அதே கடைக்குப் போனேன், அலமாரிக்குள்ளிருந்து சுரண்டி எடுத்த ஒரு சில்லைக் காட்டி, அதே நிறத்தில் நான்கு லிட்டர் கலந்து வாங்கி வந்திருக்கிறேன். இந்த முறை கீரைக்கு அடியில் இல்லை. ஸ்கூட்டர் முன்னால் எல்லோரும் பார்க்க வைத்துக்கொண்டு. மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் மீசையில் பட்டது. நான் முதலில் எழுதிய பெயிண்ட் அதுதான், மயில்கழுத்து என்று நீ நினைத்திருந்தால் ஏமாந்தாய். கட்டிலை நகர்த்தியாகிவிட்டது. ரஃபீக் பாய் வேண்டாம், நானே அடிக்கப்போகிறேன் என்று சொன்னதும் உன் அம்மா என் ஷேவிங் பிரஷ்ஷை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். ஐம்பத்தேழு வயதில் எனக்கு இப்படிக் கை பரபரக்கும் என்று யார் நினைத்தது.

இவ்வளவு தூரம் நீயே படித்து வந்துவிட்டாய் என்றால் உனக்கு இனிமேல் தமிழ் வரும். நிபந்தனையை இத்துடன் எடுத்துவிடுகிறேன். இப்போது இந்தக் கடிதத்தை அப்படியே மாலினிக்குத் தள்ளிவிடு. சுருக்காமல் படிக்கச் சொல்.

நாவல்பழக் கறை படிந்த மீசையோடு,
உன் அப்பா